பாரசீக வீட்டின் முதல் புகார்

ஓட்டல் திறப்பதற்கு முன்னால் ஒருநாள் பொய்யாகத் திறப்பார்கள். வேலை செய்கிறவர்களின் குடும்பங்களைக் கூப்பிட்டு, காசு வாங்காமல் அறை கொடுத்து, "நீங்கள்தான் விருந்தாளிகள், எல்லாவற்றையும் பயன்படுத்துங்கள், குறை கண்டால் எழுதிக் கொடுங்கள்" என்று விட்டுவிடுவார்கள். குழாய் ஒழுகினாலும், காப்பி ஆறியிருந்தாலும் அன்றைக்கே தெரிந்துபோகும். யாங்கோனில், போட்டாதாங் பக்கம் ஆற்றுக்கு இறங்கும் தெரு ஒன்றில் நாங்கள் பழுதுபார்த்து எழுப்பிய பாரசீக மாளிகைக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. என் வீட்டிலிருந்து அம்மாவும் சித்தியும் சித்தப்பாவும் வந்தார்கள்.

நான் அந்த வீட்டின் மின் பொறியாளர். என் ஒப்பந்தம் அந்தச் சோதனை நாளோடு முடிகிறது. அதற்குப் பிறகு வீட்டின் மின்சாரத்தை யார் பார்த்துக்கொள்வது என்பதில் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வது. இரண்டு, ஜெனரேட்டர் விற்ற நிறுவனத்துக்கு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்துவிடுவது. வீட்டுக்கார அம்மாள் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "அன்னிக்கு எல்லாம் ஒழுங்கா நடந்தா மின்அறைச் சாவி உன்கிட்டயே இருக்கட்டும். இல்லேன்னா அவங்க ஆளை அனுப்புவாங்க." என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் போய்விட்டார்கள். எனக்கும் அங்கே ஓர் இடம் கிடைக்கும். ஆனால் எனக்கு இந்த வீடு வேண்டும்.

ஏன் என்று கேட்டால் காரணங்களை வரிசையாகச் சொல்வேன். முற்றத்து நடுவில் நீலக் கல் பதித்த எண்கோணத் தொட்டி, அதில் ஓர் ஊற்று. மாடி ஜன்னல்களில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடிகள். காலையில் தரை முழுக்க மிட்டாய் கொட்டிய மாதிரி இருக்கும். விரல்நகம் அளவுக்கு உடைத்த கண்ணாடித் துண்டுகளைச் சுவரெங்கும் ஒட்டிய ஓர் அறை. அங்கே ஒரு பல்பு போட்டால் ஆயிரம் பல்பு. வாசலுக்கு மேலே பாரசீக எழுத்தில் ஒரு வரி. வீட்டைக் கட்டிய வணிகரின் கொள்ளுப்பேத்திதான் இந்த வீட்டுக்கார அம்மாள். அவருக்கே அந்த வரியைப் படிக்கத் தெரியாது. "உனக்குத் தமிழ் எழுத்துத் தெரியும், எனக்கு இது தெரியாது, நீ என்னை ஜெயிச்சிட்ட" என்பார். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது பர்மிய மொழியில். எல்லாரையும் போல நானும் அவரை ஸயாமா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் ஊரில் மரியாதைக்குரிய எந்தப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இந்த ஊரில் மின்சாரம் முறை வைத்து வரும். எங்கள் பேட்டைக்குச் சில மணி நேரம், பிறகு அடுத்த பேட்டைக்கு. வரும் நேரத்தை அறிவிப்பார்கள், மின்சாரம் அதைக் கேட்பதில்லை. வந்த கணத்தில் தெருவே ஒரு குரலாக "மீ லா பீ" என்று கத்தும். கரண்ட் வந்துவிட்டது என்று பொருள். கத்தி முடிப்பதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தர் தண்ணீர் மோட்டாருக்கு ஓட, ஒருத்தர் குக்கருக்கு ஓட, இன்னொருத்தர் இஸ்திரிப் பெட்டிக்கு ஓடுவார். எங்கள் வீட்டில் மோட்டார் என் பொறுப்பு. தூக்கத்தில் ஓடிப்போய் போட்டுவிட்டு, தூக்கத்திலேயே திரும்பி வந்து படுத்திருக்கிறேன்.

ஓட்டலில் அந்த ஓட்டமெல்லாம் இல்லை. தெருவில் மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும், விருந்தாளிக்கு ஒரு விளக்குகூட சிமிட்டாது. அதற்குத்தான் என்னை வைத்திருந்தார்கள்.

காலையில் டாக்சி வந்து நின்றது. முதலில் சித்தி இறங்கினாள், கையில் இஸ்திரிப் பெட்டி. அம்மா அடுக்குப் பாத்திரத்தோடு இறங்கினாள். சித்தப்பா மட்டும் வெகுநேரம் இறங்கவில்லை. பிறகு எதையோ போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினார்.

"என்ன சித்தப்பா அது?"

"பாட்டரி."

"எந்தப் பாட்டரி?"

"வீட்டு இன்வர்ட்டர் பாட்டரிதான்டி. ஓட்டல்ல இருபத்துநாலு மணி நேரமும் கரண்ட்டுன்னு நீதானே சொன்ன?"

சித்தப்பா பர்மியர். தமிழைச் சித்தியிடமிருந்து மட்டுமே கற்றவர் என்பதால் ஆணானாலும் பெண்ணானாலும் 'டி' போட்டுத்தான் பேசுவார். டாக்சிக்காரர் தமிழராக இருந்தார். "இந்தாடி, பாக்கி நீயே வச்சுக்கோ" என்று சித்தப்பா பணத்தை நீட்டியபோது அவர் முகத்தைப் பார்க்காமல் நான் உள்ளே போய்விட்டேன்.

மற்றக் குடும்பங்களும் சளைக்கவில்லை. வரவேற்பில் இருக்கும் பெண்ணின் பெற்றோர் ஒரு பை நிறைய சார்ஜ் விளக்குகள் கொண்டுவந்திருந்தார்கள். சமையல்காரரின் அக்கா அரிசிக் குக்கரையே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஐந்து நட்சத்திரத்துக்கு ஏற்ற வரவேற்புக்கூடத்தில் பாட்டரிகளும் குக்கரும் வரிசையாக நிற்பதைப் பார்த்து ஸயாமா என் காதருகே குனிந்து, "இவங்க தங்க வந்திருக்காங்களா, குடி வந்திருக்காங்களா?" என்றார்.

நான் மின்அறையில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைய பார்க்க இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றுமில்லை. முள் எழுந்திருக்கவே இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூட ஆளில்லாத வீட்டைப் போல ஜெனரேட்டர் சோம்பலாக உறுமிக்கொண்டிருந்தது. புகார் அட்டைகள் வந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: நல்லா இருக்கு. ஓர் அட்டையில் 'மிகவும்' சேர்த்திருந்தது.

மாலைத் தேநீருக்குப் பிறகு ஸயாமா எட்டிப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார், அட்டைகளைப் பார்த்தார்.

"ஒரு சத்தமும் இல்லையே. பாஸ்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாவி என் இடுப்பிலேயே இருக்கும். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பரீட்சைத் தாளில் ஒரு கேள்விகூட இல்லாமல் நூறு மதிப்பெண் வாங்கியது போல உள்ளே ஏதோ நெருடியது.

"பாஸ் இல்லை ஸயாமா" என்றேன். "யாரும் எதையும் போடவே இல்லை. இது சோதனையே கிடையாது."

"அப்போ போடச் சொல்லு."

மாடிக்குப் போனேன். அம்மாவின் அறையில் ஏசி ஓடவில்லை, விளக்கும் எரியவில்லை. அம்மா ஜன்னலைத் திறந்துபோட்டு, புகார் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிவப்புக் கண்ணாடி வழியாக வந்த வெயில் அவள் மூக்கு நுனியில் மட்டும் விழுந்திருந்தது.

"ஏம்மா, ஏசி போடலாமில்ல?"

"அது டீசல்லதானே ஓடுது?"

"ஓடட்டும்."

"டீசல் விக்கிற விலையில அந்தம்மாவுக்கு நாம செலவு வைக்கணுமாக்கும். சும்மா தங்க விட்டதே பெருசு. எனக்கு ஆனாடே."

ஆனாடே என்பது பர்மியச் சொல். பிறருக்குத் தொந்தரவு கொடுக்க மனசு ஒப்பவில்லை என்று பொருள். தமிழில் சங்கடம் என்று சொன்னால் பாதிதான் வரும். அதனால் எங்கள் வீட்டில் தமிழ் பேசும்போதும் இதையேதான் சொல்வோம்.

"குளிச்சியா?"

"பச்சத் தண்ணியில குளிச்சேன். அந்தக் குளிக்கிற ரூமைப் பாத்தா கும்பிடணும் போல இருக்கு, அதுல போய் எப்படிடி அழுக்குத் தேய்க்கிறது?"

"சுடுதண்ணி போட்டுப் பார்க்கணும்மா. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டதே."

"ஊர் கரண்ட் வரட்டும், போடறேன். அது அரசாங்கத்துக் கரண்ட். அதுக்கு யாருகிட்டயும் ஆனாடே கிடையாது."

அந்த நிமிடமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மாட்டேன் என்பது மட்டுமே காதில் விழுந்தது.

சித்தியைக் கண்ணாடி அறையில் கண்டுபிடித்தேன். தலை வாரிக்கொண்டிருந்தாள். "ஒவ்வொண்ணுலயும் ஒரு கண்ணு, ஒரு மூக்குன்னுதான் தெரியுது. முழு மூஞ்சி எங்கயும் இல்ல. வகிடு நேரா இருக்கான்னு சொல்லு" என்றாள். புடவையை இஸ்திரி போடலாமே என்றேன். "கரண்ட் வரட்டும்" என்றாள். சித்தப்பா பாட்டரிக்குப் பக்கத்திலேயே, வயரைக் கையில் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சொருகவில்லை. அறை அறையாகப் போய்ப் பார்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள், எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருவரும் ஒரு சுவிட்சையும் தொடவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் மின்அறைக்குத் திரும்பி, என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது தெருமுனையிலிருந்து அது கிளம்பி வந்தது. ஒரு வீடு, இரண்டு வீடு, பிறகு தெரு முழுக்க.

"மீ லா பீ..."

தலைக்கு மேலே மாளிகை அதிர்ந்தது. கட்டி நூறு வருடத்துக்கு மேலான தேக்குத் தரையில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள். இனி டீசல் இல்லை, ஸயாமாவுக்குச் செலவு இல்லை, யாருக்கும் ஆனாடே இல்லை. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒரே மூச்சில் உள்ளே போனது: ஏசிகள், ஹீட்டர்கள், இஸ்திரிப் பெட்டி, குக்கர், பாட்டரிகள். முள் துள்ளி எழுந்தது.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. தெருவில் மின்சாரம் வந்தாலும், வீட்டை டீசலிலிருந்து அதற்கு மாற்றிவிடும் எங்கள் இயந்திரம் உடனே மாறாது. வந்தது நிலைக்குமா என்று சில நிமிடங்கள் காத்துப் பார்த்துவிட்டுத்தான் மாறும். அதுவரை வீடு டீசலில்தான் ஓடிக்கொண்டிருக்கும். எனக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது, அல்லது தெரிந்தும் கணக்கில் சேர்க்காதது. ஜெனரேட்டரின் அளவை நான் பாடப்புத்தக முறையில்தான் போட்டிருந்தேன்: எல்லாரும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட மாட்டார்கள். மின்சாரம் போகவே போகாத நாட்டில் எழுதிய புத்தகம் அது.

ஜெனரேட்டர் ஒருமுறை இருமி நின்றது. இயந்திரம் கடமையாகத் தெரு மின்சாரத்துக்கு மாறியது. அதே சுமையைக் கண்டு அந்த மெயின் சுவிட்சும் படாரென்று விழுந்தது. இருட்டில் கீழே பார்த்தேன். என் கையில் என் கைபேசி சார்ஜரின் வயர். நானும் அதன் மறுமுனையைச் சுவரில் சொருகியிருந்தேன். எப்போது எழுந்தேன், எப்போது சொருகினேன் என்று தெரியவில்லை.

முற்றத்தைத் தாண்டி வாசலுக்கு வந்தால் தெரு முழுக்க வெளிச்சம். ஏழை வீடு, பணக்கார வீடு, டீக்கடை, கோயில் எல்லாம் எரிகின்றன. நடுவில் எங்கள் மாளிகை மட்டும் கருப்பாக நிற்கிறது. எதிர்க் கட்டடத்து மாடியிலிருந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்து, "ஸயாமா, கரண்ட் வந்திடுச்சே, உங்களுக்குச் சொல்லலையா?" என்றார். அவருடைய மனைவி அதற்குள் ஒரு வேலை செய்தாள். எங்கள் தெருக்களில் மேல்மாடிகளிலிருந்து கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப். கீழே வருகிற பத்திரிகையையும் காய்கறியையும் அதில் மாட்டித்தான் மேலே இழுப்பார்கள். அந்தக் கயிற்றில் ஒரு மெழுகுவத்திப் பாக்கெட்டை மாட்டி எங்கள் வாசலுக்கு நேராக இறக்கினாள்.

முதலில் சிரித்தது யாரென்று தெரியாது. மாடி இருட்டிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது, பிறகு இன்னொன்று, பிறகு படிக்கட்டு முழுக்க. சித்தப்பாவின் குரல் தனியாகக் கேட்டது: "யாருடி எல்லாத்தையும் போட்டது?"

ஸயாமா மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு என் எதிரே வந்து நின்றார். அவர் சிரிக்கவில்லை.

"என்ன நடந்தது?"

பதற்றம் வந்தால் எனக்கு எண் போட்டுத்தான் பேச வரும். "ஒண்ணு, உங்க டீசலை வீணாக்கக் கூடாதுன்னு காலையிலிருந்து யாரும் எதையும் போடலை. ரெண்டு, தெருவுல கரண்ட் வந்ததும் இனிமே உங்க செலவில்லைன்னு எல்லாரும் ஒண்ணாப் போட்டாங்க. மூணு, அப்பவும் நாம டீசல்லதான் இருந்தோம். நாலு, இப்படி நடக்கும்னு நான் கணக்குப் போடலை."

அவர் மெழுகுவத்தியைக் காற்றுக்குக் கையால் மறைத்தார். "இங்க நடக்கப்போற முதல் கல்யாணம் லான்மடாவ் பேட்டைக்காரங்க வீட்டுது. அவங்களும் இந்த ஊர்தானே."

"இந்த ஊர்தான்."

"அவங்களும் இதையேதான் செய்வாங்க."

"கண்டிப்பா செய்வாங்க."

"ஜெனரேட்டர் கம்பெனிக்காரருக்குப் போன் போடட்டுமா?"

"ஒரு மணி நேரம் கொடுங்க" என்றேன். "அப்புறம் போடுங்க."

வழி இருந்தது. சுமை ஓர் அளவைத் தாண்டினால் எதை முதலில் கழற்றிவிடுவது என்று ஜெனரேட்டருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அதற்கான கம்பிகளை நான் இழுத்தும் வைத்திருந்தேன். என் கணக்குப்படி தேவைப்படாது என்பதால் இணைக்காமல் சுருட்டிக் கட்டியிருந்தேன். கூட வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் டார்ச் பிடித்தார், நான் ஏணியில் ஏறினேன். முதலில் குளியலறை ஹீட்டர்கள் கழன்றுகொள்ள வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் ஏசிகள். விளக்குகளும் ஊற்றும் எப்போதும் போகக் கூடாது. கண்ணாடி அறை விளக்கை அந்தப் பட்டியலில் நானாகச் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சேர்த்தேன்.

முடித்ததும் தெரு மின்சாரத்தை எங்கள் பக்கம் துண்டித்துவிட்டு ஜெனரேட்டரை ஓட்டினேன். விளக்குகள் வந்தன. முற்றத்தில் நின்று எல்லாரையும் மாடித் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டேன்.

"இந்தத் தடவை யாரும் ஆனாடே பார்க்கக் கூடாது. டீசல் ஸயாமாவே கொடுக்கறாங்க. அவங்கவங்க அறையில சுவிட்சுக்குப் பக்கத்துல நில்லுங்க. சொன்ன உடனே எல்லாத்தையும் போடணும்."

"எப்படிச் சொல்லுவ?" என்று குக்கர்க்காரி கேட்டாள்.

அதை யோசித்திருக்கவில்லை. "ஒண்ணு ரெண்டு மூணு சொல்றேன்."

"அதுக்குக் கை வராது" என்றாள் சித்தி.

சித்தப்பா கம்பியில் சாய்ந்து, "சரியாக் கத்துடி. எப்பவும் தெருவுல கத்துற மாதிரி" என்றார்.

நான் சத்தம் போட்டுப் பேசுகிறவள் அல்ல. கட்டட வேலையில் ஆட்களை வேலை வாங்கிய காலத்திலும் குரல் உயர்த்தியதில்லை. ஸயாமா தொட்டியின் ஓரத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார், தொலைபேசி கையில் தயாராக. அறைக்கதவுகள் திறந்திருந்தன. ஊற்று மட்டும் சலசலத்தது. மூச்சை இழுத்துக்கொண்டு, வாழ்க்கையில் அதுவரை கத்தாத அளவுக்குக் கத்தினேன்.

"மீ லா பீ..."

தேக்குத் தரை மறுபடி அதிர்ந்தது. எங்கள் வீட்டில் மட்டுமா? எதிர்க் கட்டடத்தில் நாற்காலி கவிழ்ந்த சத்தம் கேட்டது. கரண்ட் இருக்கும்போதே மோட்டார் போட ஓடியிருக்கிறார் அந்த மாடிக்காரர், பாவம். விளக்குகள் மங்கின. ஊற்று ஒரு சாண் தாழ்ந்தது. ஜெனரேட்டர் வயிற்றிலிருந்து ஒரு முனகல் விட்டது. நான் ஊற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெல்ல மெல்ல எழுந்து பழைய உயரத்துக்கு வந்து நின்றது. விளக்குகள் நிமிர்ந்தன. கண்ணாடி அறையிலிருந்து வெளிச்சம் முற்றத்தில் உடைந்து சிதறி விழுந்தது, எங்கள் மேலெல்லாம்.

ஒரு சுவிட்சும் விழவில்லை. ஆனால் ஹீட்டர்கள் கழன்றதால் ஜெனரேட்டர் தாக்குப்பிடித்ததா, அல்லது மறுபடி எல்லாரும் மரியாதை பார்த்து பாதியைப் போடாமல் விட்டார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். ஸயாமா கேட்கும் முன் மீட்டரைப் பார்க்கத் திரும்பினேன். அப்போது மாடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

சுவிட்சைத் தட்டினால் போதும் என்றுதான் சொல்லியிருந்தேன். ஆனாடே பார்க்க வேண்டாம் என்று ஆன பிறகு சுடுகிற தண்ணீரை வீணாக்குவானேன் என்று அம்மா முன்கூட்டியே ஹீட்டரைப் போட்டுத் தலை முழுகப் போய்விட்டிருக்கிறாள்.

"அடியே, தலையில சீயக்காயைப் போட்டுட்டு நிக்கிறேன், தண்ணி திடீர்னு ஜில்லுங்குது. இவ்ளோ பெரிய ஓட்டல் கட்டினீங்களே, ஒரு தலை முழுகறதுக்குச் சுடுதண்ணி நிக்கலையே. எவடி இதைப் பாக்கறது?"

ஹீட்டர்கள் கழன்றுதான் இருக்கின்றன. எனக்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்கம்மா என்ன சொல்றாங்க?" என்றார் ஸயாமா.

பர்மிய மொழியில் சொன்னேன், எவடி உட்பட.

அவர் தொலைபேசியைப் பையில் போட்டார். வரவேற்பு மேசையிலிருந்து ஒரு புகார் அட்டையும் பேனாவும் எடுத்துவந்து என் மடியில் வைத்தார். "எழுது. காலையிலிருந்து இப்பதான் ஒரு விருந்தாளி வந்திருக்காங்க."

எழுதினேன். அறை: மாடி, சிவப்புக் கண்ணாடி. குறை: குளிக்கும்போது சுடுநீர் நின்றது. காரணம்: நான் சொன்னபடி இயந்திரம் கேட்டது. கடைசிக் கட்டத்தில், பொறுப்பு யார் என்ற இடத்தில், பேனா நின்றது. என் ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது.

ஸயாமா என் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்தார். "உன் பேரைப் போடு. நாளைக்குக் காலையில வந்ததும் முதல் வேலையா உங்கம்மா தண்ணியைப் பாரு" என்று சொல்லிவிட்டு, மெழுகுவத்திப் பாக்கெட்டை எதிர்க் கயிற்றில் மாட்டித் திருப்பி அனுப்ப வாசலுக்குப் போனார்.

நாளைக்கு. நான் பெயரைப் போட்டேன். மாடியில் அம்மா இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து ஒரு வாளி வெந்நீர் எடுத்துக்கொண்டு, இடுப்பில் சாவி குலுங்க, படி ஏறினேன்.